வாலாஜாபாத் என்றொரு ரெஜிமென்ட்

ஒரகடம் கூட்டு ரோட்டில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் நின்று பாருங்கள். முதல் ஷிப்ட் விட்டு வருகிற கம்பெனி பஸ்கள் ஒரு பக்கம், இரண்டாம் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றி வருகிறவை இன்னொரு பக்கம். நடுவில், புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்த டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். இந்த நெரிசலில் ஓர் அரசுப் பேருந்து நுழையும். அதன் நெற்றியில் ‘வாலாஜாபாத்’ என்று எழுதியிருக்கும்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலை என்றுதான் இந்தச் சாலைக்கே பெயர். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் ஊருக்கு வந்தது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கன்டோன்மென்ட் வைத்திருந்ததால் ஊரின் பெயர் ஒரு படைக்கும் போனது. 1794-இல் திரட்டப்பட்ட அந்தப் படை நெடுங்காலம் 23-வது மெட்ராஸ் காலாட்படையாக இருந்தது. 1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர் ராணுவத்துக்கெல்லாம் புது எண் போட்டபோது மெட்ராஸ் படைகளின் எண்ணோடு 60 கூட்டினார்கள். அது 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 1922-இல் அதை 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்குள் ஒரு பட்டாலியனாகச் சேர்த்தார்கள். 1928 முடிவதற்குள் அந்த ரெஜிமென்ட்டையே கலைத்துவிட்டார்கள்.

நான் இந்தச் சாலையோரம் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது போன வருஷம்தான், அதுவும் ஒரு சினிமாவால்.

பக்கத்து வீட்டு மாடியில் நான்கு பையன்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள். இருவர் திருவண்ணாமலைப் பக்கம், இருவர் ஒடிசா. எல்லோருக்கும் கான்ட்ராக்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துப் படம் பார்ப்பார்கள். அன்று ஓடியது ‘1917’. சாம் மெண்டிஸ் எடுத்த முதல் உலகப் போர் படம். சேற்றில் மாட்டிய லாரியை எல்லோரும் தள்ளும் கட்டத்தில் தலைப்பாகையோடு ஒரு சீக்கியச் சிப்பாய் வருவார். திருவண்ணாமலைப் பையன் என்னைப் பார்த்துக் கேட்டான்: “அண்ணா, இதுல சர்தார்ஜி எங்கருந்து வந்தாரு? சும்மா சேத்துட்டானுங்களா?”

அவன் கேட்டதை 2020 ஜனவரியில் லாரன்ஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய நடிகரும் கேட்டார். அந்தச் சீக்கியர் படத்தில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறார், இன வேற்றுமையை வலிந்து திணிக்கிறார்கள் என்பது அவர் புகார். இங்கிலாந்தில் பெரிய ரகளையாகி, பிறகு மன்னிப்பும் கேட்டார். ஃபாக்ஸுக்குக் கோபம், பையனுக்கு ஆச்சரியம். அவ்வளவுதான் வித்தியாசம். தன் நாட்டுக்காரன் அந்தப் போரில் இருந்தான் என்று இருபத்திரண்டு வயதுவரை அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தப் போருக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். செத்தவர்கள் 74,000 பேர் அளவில். 1914 செப்டம்பர் கடைசியிலேயே முதல் தொகுதி மார்செய் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. 1915 முடிவில் காலாட்படையின் பெரும்பகுதியை மெசபடோமியாவுக்கு மாற்றினார்கள். குதிரைப்படை மட்டும் 1918 வரை பிரான்ஸில் இருந்தது. ஆக ஃபாக்ஸ் சொன்னது தப்பு. ஆனால் படமும் முழுக்கச் சரியில்லை. இந்தியச் சிப்பாய்கள் தங்கள் தங்கள் ரெஜிமென்ட்டில்தான் இருந்தார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்களோடு ஒரே லாரியில் ஒற்றை ஆளாக ஒரு சீக்கியர் போவது வழக்கமில்லை. ஆயிரக்கணக்கானவர் தனி அணியாக நின்ற இடத்தில் ஓர் ஆளை நட்டுவிட்டு, கணக்கு நேர் செய்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதற்கு இரண்டு வருஷம் முன்பு வந்த நோலனின் ‘டன்கர்க்’கில் அந்த ஒருவரும் இல்லை. 1940-இல் அங்கே இந்தியக் கோவேறு கழுதைப் பிரிவு நான்கு கம்பெனி இருந்தது. அதில் ஒன்று ஜெர்மானியரிடம் சிக்கியது.

கறுப்பினச் சிப்பாய்களைப் பற்றிய போர்ப் படங்களில் இந்தச் சண்டை இன்னும் பழசு. 2008-இல் கான் விழாவில் ஸ்பைக் லீ, கிளின்ட் ஈஸ்ட்வுட்டை நேரடியாகவே தாக்கினார்: இவோ ஜிமா போரைப் பற்றி இரண்டு படம் எடுத்தும் ஒரு கறுப்பினச் சிப்பாயைக்கூடக் காட்டவில்லையே என்று. கொடி ஏற்றிய ஆட்களில் கறுப்பினத்தவர் இல்லை என்பது ஈஸ்ட்வுட்டின் பதில். அது உண்மைதான். அந்தத் தீவில் நூற்றுக்கணக்கான கறுப்பினத்தவர் குண்டு மழைக்கு நடுவே கரையில் வெடிமருந்து இறக்கிக்கொண்டிருந்ததும் உண்மைதான். கேமராவை எங்கே வைப்பது என்று முடிவு செய்ததுமே யார் இருந்தார், யார் இல்லை என்பதும் முடிவாகிவிடுகிறது. அதன்பிறகு சட்டைப் பித்தான் சரியா, துப்பாக்கி சரியா என்று பார்ப்பது சில்லறை வேலை.

‘குளோரி’ 1989-இல் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் போரிட்ட 54-வது மாசசூசெட்ஸ் என்ற கறுப்பினப் படையின் கதை. டென்சல் வாஷிங்டனுக்கு ஆஸ்கார் வாங்கிக் கொடுத்த படம். நல்ல படம், நான் இரண்டு முறை பார்த்தேன். அதில் வருகிற வீரர்கள் பெரும்பாலும் தப்பி வந்த அடிமைகள். உண்மையான 54-இல் பெரும்பாலோர் வடக்கில் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். டென்சலைச் சாட்டையால் அடிக்கும் காட்சியில் தியேட்டரே அழுதிருக்கும். ஆனால் அந்த ராணுவத்தில் 1861-லேயே சாட்டையடியை ஒழித்துவிட்டார்கள். சம்பளத் தகராறு மட்டும் நிஜம். வெள்ளையருக்கு 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தம். முழுச் சம்பளம் தராவிட்டால் எதுவுமே வேண்டாம் என்று மாதக்கணக்கில் வாங்காமல் இருந்தே போரிட்டார்கள்.

எனக்கு உறுத்தியது இவை எதுவுமில்லை. படத்தில் கர்னல் ராபர்ட் குல்ட் ஷா நிஜ மனிதர். அவருடைய கடிதங்களை வைத்துத்தான் கதையே நகர்கிறது. அவருக்குக் கீழே இருக்கும் முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களோ எல்லாம் கற்பனை. நிஜ ஆட்கள் கிடைக்காமலா? அடிமைமுறையை எதிர்த்த பெரும் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸின் மகன் லூயிஸ் அந்தப் படையில் சார்ஜென்ட் மேஜர். வாக்னர் கோட்டைத் தாக்குதலில் கொடியைக் கீழே விடாமல் காப்பாற்றிப் பின்னாளில் மெடல் ஆஃப் ஹானர் பெற்ற வில்லியம் கார்னியும் அதே படைதான். பெயர், ஊர், கடிதம் எல்லாம் ஆவணத்தில் இருக்கின்றன. படத்தில் இல்லை. அதிகாரிக்குப் பெயர், சிப்பாய்க்கு மாதிரி உருவம்.

இந்த ஏற்பாட்டைப் பார்க்க ஹாலிவுட்வரை போக வேண்டியதில்லை. சுங்குவார்சத்திரத்தில் பெங்களூர் ஹைவேயை விட்டு வடக்கே திரும்பினால் போதும்.

செல்போன் கம்பெனிகளின் நீலக் கூரைகள் பின்னால் போய், மப்பேடு தாண்டினால் பேரம்பாக்கம். அங்கிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் வயல்களுக்கு நடுவே புள்ளலூர். நெல் அறுத்த தாளும் எருமையுமாக இருக்கும் சாதாரண ஊர். ஆங்கிலேயர் இதைப் ‘பொல்லிலூர்’ என்று எழுதினார்கள். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி, இந்திய மண்ணில் கம்பெனிப் படை அதுவரை கண்டிராத தோல்வியை இங்கே வாங்கியது.

கதை சுருக்கமாக இது. மைசூரின் ஹைதர் அலி கணவாய் வழியாக ஆற்காடு நவாபின் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கிவிட்டார். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பேலி ஒரு படையோடு தெற்கே வருகிறார். பக்சர் போரில் பெயர் வாங்கிய ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் காத்திருக்கிறார். இரண்டு படையும் சேர வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் பேலி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். அன்றே கடந்திருக்கலாம், வடகரையில் கூடாரம் அடித்தார். இரவோடு இரவாக வெள்ளம் வந்தது. இன்றைக்கு லாரி லாரியாக மணல் போன அந்த ஆறு ஒரு ராணுவத்தை ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது என்றால் நம்பக் கஷ்டம்தான். வெள்ளம் வடிந்து கடந்தபோது, பேரம்பாக்கம் பக்கம் ஹைதரின் மகன் திப்பு தன் குதிரைப்படையோடு வந்து நின்றிருந்தார். மன்றோ அனுப்பிய ஆயிரம் பேர் கர்னல் ஃபிளெட்சர் தலைமையில் வந்து சேர, எல்லோருமாக ஏறத்தாழ 3,800 பேர். புள்ளலூரில் ஹைதரின் முழுப் படையும் சூழ்ந்தது. மைசூர் ராக்கெட்டும் பீரங்கியும் விழ விழ, பேலியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதோடு முடிந்தது. சில மைல் தள்ளி இருந்த மன்றோ உதவிக்கு வரவில்லை. தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

அந்த 3,800 பேரில் ஐரோப்பியர் சில நூறு பேர்தான். மீதி அத்தனையும் மெட்ராஸ் சிப்பாய்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், கர்நாடகச் சமவெளியின் எல்லாச் சாதிக்காரர்களும். இவர்களைக் கம்பெனி ஆவணங்கள் ‘கறுப்பர்’ என்றே எழுதின. சுபேதார், ஜமேதார்களுக்குப் பெயர் ‘கறுப்பு அதிகாரிகள்’. கோட்டைக்கு வெளியே நாம் இருந்த இடம் கறுப்பர் பட்டணம். ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே மெட்ராஸைப் பிடித்தபோது மொரீஷியஸ் பக்கமிருந்து நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கரைக் கொண்டுவந்திருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இவர்கள் ‘காப்பிரிகள்’ என்று வருகிறார்கள். ஆக ‘கறுப்பினச் சிப்பாய்’ என்ற சொல் நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. இருநூற்றைம்பது வருஷம் முன்பு அது நம்மையும் சேர்த்துச் சொன்ன சொல்.

புள்ளலூர் வயலில் இரண்டு ஸ்தூபிகள் நிற்கின்றன. ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்டேன். “வெள்ளக்காரன் சமாதியா? அந்த வரப்புலயே போங்க” என்றார். கூராக மேலே எழும் கல், அடியில் ஆங்கில எழுத்து. 1781 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இதே இடத்தில் கம்பெனித் தளபதி சர் அயர் கூட்டுக்கும் ஹைதருக்கும் நடந்த இரண்டாவது சண்டையில் இறந்த லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு ஒன்று, கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்புக்கு ஒன்று. முந்தைய வருஷம் வென்ற இடம் ராசியான இடம் என்று ஹைதர் அங்கேயே மறுபடி நின்றாராம். கூட்டின் படை வந்து பார்த்தபோது பேலியின் ஆட்களின் எலும்புகள் புதைக்கப்படாமல் சிதறிக் கிடந்தன. அந்த எலும்புகளுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர் பெயர்கூட இந்தக் கல்லில் இல்லை. திரும்பி வரும்போது அதே ஆளிடம் கேட்டேன், நம்மாளுங்களுக்குக் கல்லு ஏதாவது இருக்கா என்று. “நம்மாளு இதுல எங்க வந்தான்?” என்றார். மாடிப் பையன் கேட்ட அதே கேள்வி.

கல்லில் எழுதியவர்கள் வெள்ளையர், அவர்களை விடுங்கள். வென்ற தரப்பு வரைந்ததைப் பார்ப்போம். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முழுக்கத் திப்பு இந்தப் போரைத்தான் வரைய வைத்தார். போர்ப் படம் என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. யானை மேல் ஹைதரும் திப்புவும் அமைதியாக வருகிறார்கள். சிவப்புச் சட்டைச் சதுரத்தின் நடுவே பல்லக்கில் பேலி கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. என்ன அருமையான காட்சியமைப்பு! ஆனால் பார்க்கிறவர் மனதில் நிற்பது மைசூர்க்காரர் வெள்ளைக்காரனை அடித்த கதை. அந்தச் சதுரத்தில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள் என்பது திப்புவுக்கும் தேவைப்படவில்லை. 1799-க்குப் பிறகு அதே மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு, மங்கிப்போன ஓவியத்துக்கு மறுபடி வண்ணம் பூச வைத்தார். இதே காட்சியைக் காகிதத்தில் தீட்டிய 32 அடி நீளப் பிரதி ஒன்று 2022-இல் லண்டன் சதபீஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது.

1990-இல் தூர்தர்ஷனில் ‘தி ஸ்வோர்டு ஆஃப் திப்பு சுல்தான்’ வந்தது. பகவான் கித்வானியின் நாவலை வைத்து சஞ்சய் கான் எடுத்த தொடர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், ‘இது கற்பனைக் கதை’ என்ற அறிவிப்போடு ஓடியது. திப்பு நல்லவரா கெட்டவரா என்று நாடே அடித்துக்கொண்டது, இன்றும் அடித்துக்கொள்கிறது. பேலியின் சிப்பாய்களுக்காக ஒரு மனு கூட இல்லை.

இந்தப் பகுதிக்கு இது பழக்கமான விஷயம்தான். இதே புள்ளலூரில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பகைவரை முறியடித்தான் என்று பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 634-ஆம் ஆண்டு ஐஹோளே கல்வெட்டில் சாளுக்கியப் புலவர் எழுதியதோ, பல்லவன் காஞ்சி மதிலுக்குள் பதுங்கினான் என்று. ஒரகடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மணிமங்கலத்தில் நரசிம்மவர்மன் புலிகேசியை ஓட ஓட விரட்டினான் என்று கூரம் செப்பேடு பதில் சொல்கிறது. இரண்டு அரசவையும் ஆளுக்கொரு படம் எடுத்து வெளியிட்டாயிற்று. காலாட்படை இரண்டிலும் துணை நடிகர்.

சரி, தமிழ்ப் படங்கள் இதில் எப்படி?

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-இல் வந்தது. சிவாஜியின் குரலில் வளராத தமிழன் அரிது. அதில் ஜாக்சன் துரையாக வந்தவர் சி.ஆர்.பார்த்திபன், பானர்மேனாக வந்தவர் ஜாவர் சீதாராமன். தமிழர்கள் வெள்ளைக்காரராக நடித்ததை நாம் வெகு சாதாரணமாக ஏற்றுக்கொண்டோம். ஏற்காதது ஒன்று உண்டு. 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி மேல் பானர்மேன் கொண்டுபோன படையில் பெரும்பகுதி மெட்ராஸ் சிப்பாய்கள். கோட்டைக்கு உள்ளேயும் தமிழன், வெளியேயும் தமிழன். நம் நினைவில் இருக்கும் படத்தில் வெளியே நிற்பது வெள்ளைக்காரன், காட்டிக்கொடுத்தவன் எட்டப்பன். எட்டப்பன் ஒரு தனி ஆள். அவன்மேல் பழி போடுவது சுலபம். சம்பளத்துக்கும் சோற்றுக்கும் சிவப்புச் சட்டை போட்ட பல்லாயிரம் பேரை என்ன செய்வது? துரோகி என்று சொல்ல மனம் வராது, வீரன் என்று சொல்ல வாய் வராது. அதனால் படத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

எடுத்துவிடுவதில் நகைச்சுவைக்கும் குறைவில்லை. 1945-இல் எர்ரல் ஃபிளின் நடித்த ‘அப்ஜெக்டிவ் பர்மா’ வந்தது. பர்மாவை அமெரிக்க பாராசூட் வீரர்கள் மீட்பதுபோல் கதை. பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன: அங்கே சண்டை போட்டது எங்கள் பையன்கள், எங்களை எப்படி மறைக்கலாம்? லண்டனில் ஒரு வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். 1952-இல்தான் விளக்கக் குறிப்போடு மறுபடி திரையிட்டார்கள். ஞாயம்தான். ஆனால் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம் தலைமையில் பர்மாவில் போரிட்ட பதினான்காம் படையில் பெரும்பான்மை இந்தியர். மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன்கள் இரண்டு, கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன் ஒன்று. நைஜீரியாவிலிருந்தும் தங்கக் கரையிலிருந்தும் வந்தவர்கள் கலாடன் பள்ளத்தாக்கில் தலையில் சுமை வைத்துக்கொண்டு காட்டைக் கடந்தார்கள். அவர்களுக்காகக் கொதித்த பத்திரிகை ஏது?

அதே 1945-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘பர்மா ராணி’யை வெளியிட்டது. டி.ஆர்.சுந்தரம் இயக்கம், கே.எல்.வி.வசந்தா கதாநாயகி. யுத்தப் பிரசாரப் படம் எடுத்தாக வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு நெருக்கிய காலம். விமானம் விழுந்து பர்மாவில் மாட்டிக்கொள்ளும் இந்திய வீரர்கள். தமிழ் நடிகர்கள் வேஷம் கட்டிய ஜப்பானிய வில்லன்கள். கொடூரச் சிரிப்பு, கோணல் பேச்சு. இனத்தைக் கேலிச் சித்திரமாக்குவது வெள்ளைக்காரன் மட்டும் செய்த வேலை இல்லை. அதே பர்மாவில் எதிர்ப்பக்கம் நேதாஜியின் படையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் துப்பாக்கி பிடித்து நின்றார்கள். அந்தப் பக்கத்தின் கதை நம் பெரிய திரையில் அழுத்தமாக விழ 1996-இல் ‘இந்தியன்’ சேனாபதி வரவேண்டியிருந்தது.

2024 ஒரே வருஷத்தில் இரண்டு படம். பொங்கலுக்கு ‘கேப்டன் மில்லர்’. ஊர்க் கோயிலுக்குள் நுழைய முடியாத சாதியில் பிறந்தவன் மரியாதையைத் தேடிப் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேருகிறான். சொந்த மக்களையே சுடச் சொல்கிறார்கள். தனுஷின் முகத்தில் அந்த நெருப்பு இருந்தது. இயக்குநர் அருண் மாதேஸ்வரன் கைவைத்த இடம் சரியான இடம். மெட்ராஸ் படையில், அதிலும் சாப்பர்ஸ், பயனியர் பிரிவுகளில், பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் பெருமளவில் இருந்தார்கள். ஊரில் செருப்புப் போட முடியாதவனுக்குப் பட்டாளம் சீருடை கொடுத்தது. வரலாற்றுக் கண்ணில் பார்த்தால் ஒரே ஒரு சிக்கல். கதை நடப்பது 1930-களில். மெட்ராஸ் காலாட்படையைக் கலைத்து முடித்த காலம் அது. தமிழ்ப் பையனுக்கு அப்போது திறந்திருந்த முக்கியமான வாசல், பாலமும் சாலையும் போடும் சாப்பர்ஸ்தான்.

ஏன் கலைத்தார்கள் என்பதைத்தான் யாராவது படமாக எடுக்க வேண்டும். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்குத் தளபதியாக இருந்தவர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். தெற்கத்தியர்களுக்குப் பழைய போர்க்குணம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, இந்தியப் படைக்கே தலைமைத் தளபதியானதும் அதை நடைமுறையாக்கினார். வடமேற்கில் இருப்பவன் உயரமானவன், வெளுத்தவன், வீரன். தெற்கே இருப்பவன் குள்ளன், கறுத்தவன், குமாஸ்தா வேலைக்கு லாயக்கு. இதற்குப் பெயர் ‘போர் மரபினக் கொள்கை’. புள்ளலூரில் செத்தவர்களின் பேரன்களுக்கு இந்தச் சான்றிதழ். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பஞ்சம் ஏற்பட்டதும் கொள்கை காற்றில் போனது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி திரட்டினார்கள். பர்மாவில் அது சண்டை போட்டது. ஆனால் சினிமாவில் ராபர்ட்ஸ் இன்னும் ஓய்வு பெறவில்லை. இந்திப் போர்ப் படங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள்: முன்னணியில் பஞ்சாபி, ராஜபுத்திரர், ‘மதராஸி’ வந்தால் ரேடியோ ஆபரேட்டர், இல்லாவிட்டால் இட்லி ஜோக். ‘1917’-இலும் ஓர் இந்தியரைக் காட்ட வேண்டும் என்றதும் தலைப்பாகைதானே கைக்கு வந்தது?

அந்தக் குறையைத் தீர்த்தது 2024-இன் இரண்டாவது படமான ‘அமரன்’. மேஜர் முகுந்த் வரதராஜன், தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். 2014 ஏப்ரல் 25 அன்று சோபியானில் உயிர் கொடுத்து, அசோக சக்ரா பெற்றவர். கற்பனைப் பெயர் வைக்காமல் நிஜப் பெயரிலேயே எடுத்ததற்கே ராஜ்குமார் பெரியசாமிக்கு ஒரு சல்யூட். படம் ஓட ஓட, முகுந்தின் சாதி அடையாளத்தை ஏன் காட்டவில்லை என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. அவரைத் தமிழராக, இந்தியராக மட்டும் காட்டச் சொல்லிக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதாக இயக்குநர் விளக்கினார். சாதியைக் காட்டியிருக்க வேண்டும் என்றவர்கள் வரலாற்று உண்மை பற்றிப் பேசினார்கள். அதே அக்கறை காஷ்மீர்ப் பொதுமக்களைப் படம் காட்டிய விதத்தில் அவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. எந்த உண்மை காணாமல் போனால் நமக்கு வலிக்கிறது என்பதைப் பார்த்தாலே நாம் யார் என்று தெரிந்துவிடுகிறது.

உடையலங்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ப் படம் வந்ததும் பித்தான், பட்டை, தொப்பி என்று பிழை பிடிக்கிறவர்களை நான் கொஞ்சம் கிண்டலாகவே பார்த்துவந்தேன். 1806 ஜூலை 10-ஆம் தேதி என்னைத் திருத்தியது. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணமே உடைதான். புது மாதிரித் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் நீறோ நாமமோ கூடாது, தாடியை எடு, மீசையை ஒரே மாதிரி வெட்டு. ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அதைவிடப் பல மடங்கு சிப்பாய்களைக் கொன்றது. 1857-க்கு ஐம்பது வருஷம் முந்தி, இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில். இதைவிட நல்ல திரைக்கதை எங்கே கிடைக்கும்?

2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்கள் 45,000 முதல் 54,000 பேர்வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயராலோ, எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவே இல்லை. பிரிட்டிஷ் எம்.பி. டேவிட் லாமி வழங்கிய ஓர் ஆவணப்படம் கிளப்பிய கேள்விக்குப் பதிலாக வந்த அறிக்கை அது. பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டது. பிரான்ஸில் 2006-இல் ‘ஆந்திஜேன்’ என்ற படம், அவர்களுக்காகப் போரிட்ட வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் ஓய்வூதியம் பல பத்தாண்டுகளாக உறைந்துகிடந்ததைச் சொன்னது. அதைப் பார்த்த பிறகு அதிபர் ஷிராக்கின் அரசு ஓய்வூதியத்தைச் சமமாக்கியது. சினிமாவால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

நம் கிராமங்களில் ஒரு கல் இருக்கும்; பார்த்திருப்பீர்கள். பழைய சாவடியிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ பதித்திருப்பார்கள். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணிக்கை மட்டும். பெயர் கிடையாது. பெயர் பொறிப்பது முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. புனே பக்கம் கோரேகான் தூணில் 1818 போரில் இறந்த சிப்பாய்களின் பெயரைக் கம்பெனிக்காரனே பொறித்து வைத்தான். 49 பெயர், அதில் 22 பேர் மகர் என்ற ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் என்று பெயரின் ஈற்றை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பெயர்கள் இருந்ததால்தான் அம்பேத்கர் 1927-இல் அங்கே போய் நின்றார். இன்று ஜனவரி 1 அன்று லட்சக்கணக்கானோர் போகிறார்கள். புள்ளலூருக்கு யார் போவார்கள், யாருடைய பெயரைத் தேடி?

மாடிப் பையனிடம் இதையெல்லாம் தவணை முறையில் சொல்லி முடித்தேன். சினிமா ஆசை உள்ளவன். பக்கத்துச் செம்பரம்பாக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோவுக்கு லீவு நாளில் ஜூனியர் ஆர்ட்டிஸ்டாகப் போய்வருபவன். ஒருமுறை போலீஸ், இன்னொரு முறை பிணம்.

“படமா எடுத்தா எங்கண்ணா ஆரம்பிக்கிறது?” என்றான்.

ஆற்றங்கரையில் என்றேன். கொசஸ்தலை கரை புரண்டு ஓடுகிறது. மழை விட்டிருக்கிறது. கர்னல் கூடாரத்துக்குள் கடிதம் எழுதுகிறார். கேமரா உள்ளே போகாது. வெளியே, நனைந்த சிவப்புச் சட்டையைப் பிழிந்து காயப்போட்டபடி ஒருவன் அக்கரையைப் பார்க்கிறான். அக்கரையில் அவன் ஊர் இருக்கலாம். நீலத் தலைப்பாகை, தொடை அளவு வெள்ளைக் கால்சட்டை, ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி நீலக் கரை. மெட்ராஸ் சிப்பாயின் உடை அப்போது அப்படித்தான். வெறுங்கால். யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

“என்ன பேரு?”

எனக்குத் தெரியவில்லை. அவனே ஒன்று வைத்தான், அவன் தாத்தா பெயரை. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “வெறுங்கால்னா நல்லதுதாண்ணா, ஷூட்டிங்ல நமக்குக் குடுக்குற பூட்ஸ் ஒருநாளும் சைஸ் சரியா இருக்காது” என்றான். செகண்ட் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது, ஓடினான்.